நூலைக் கடிக்கக் கூடாது

அத்தியாயம் 14

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குப் பல் டாக்டர் தீபிகாவின் கிளினிக்கில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில், வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி அகிலா. அவளுக்கு வலப் பக்கம், எக்ஸ்ரே படங்கள் வைத்த ஃபைலை மடியில் கிடத்திக்கொண்டு அவள் புருஷன் மாணிக்கவேல். அவர்களுக்கு எதிரே, சுவரோரப் பெஞ்சில், காற்றே வராத மூலையில் ரேவதி.

ரேவதி, மாணிக்கவேலின் தம்பி கதிர்வேலின் மனைவி. அந்த மூலையில் போய் உட்காரும்படி அவளை யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, பெரியவளுக்கு ஃபேன், சின்னவளுக்கு மூலை என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தாள்.

மார்கழித் தொடக்கத்தில், பனி விலகாத ஒரு காலையில், ஓரிக்கைக்குப் போகிற வழியில் வேகத்தடை தெரியாமல் அகிலாவின் ஸ்கூட்டி குப்புற விழுந்ததும், மேல்வரிசை முன்பற்கள் நான்கு அங்கேயே போனதும் வாசகர்கள் அறிந்ததுதான். அன்றிலிருந்து அகிலாவின் நாற்காலியில் ரேவதி உட்கார்ந்துவருகிறாள். அது சாதாரண நாற்காலி இல்லை. வீட்டின் முன்னறையில், வட்ட விளக்குக்கும் ஃபோன் ஸ்டாண்டுக்கும் எதிரே போட்டது. அதில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டுப்புடவையாக விரித்துக் காட்டிப் பேசினால், சேலத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பெண்கள் தங்கள் ஃபோனில் பார்த்து வாங்குவார்கள். சேனலின் பெயர் 'அகிலா அக்கா'.

எட்டு மாதம் ரேவதி பேசியும் அந்தப் பெயர் மாறவில்லை. "அவ வாயி சரியாவற வரைக்கும் நீ குந்து" என்று சொல்லித்தான் மாமியார் மணியம்மாள் அவளை அங்கே உட்காரவைத்தாள். அந்த 'வரைக்கும்' இன்றோடு முடிகிறது. மத்தியானம் பன்னிரண்டே கால் மணி லைவுக்கு அகிலா வருகிறாள் என்று நேற்றே சேனலில் அறிவித்தாகிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாணிக்கவேலுக்குச் சாயப் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தது. "ரேவதி, நீ கூடப் போம்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

தாடை எலும்பில் இறக்கியிருந்த இரண்டு திருகுகளும் இத்தனை மாதத்தில் எலும்போடு எலும்பாக இறுகிவிட்டிருந்தன. அவற்றின் மேல், நான்கு பற்களையும் ஒன்றாகக் கோத்த பாலத்தை டாக்டர் வைத்து அழுத்தினார். இடுக்கியில் பிடித்திருந்தபோது அது வெறும் பீங்கான் துண்டு. உள்ளே போனதும் அகிலாவின் சிரிப்பாகிவிட்டது.

"பேச்சு சரியா வருதான்னு பாக்கணும். 'வ' வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அகிலா யோசிக்கவே இல்லை. "ரேவதி" என்றாள்.

எட்டு மாதமாக அவள் வாயில் அந்தப் பெயர் 'ரேஹதி' என்றுதான் வந்துகொண்டிருந்தது. மேல்பல் இல்லாத வாயில் 'வ' நிற்பதில்லை. கழற்றி மாட்டுகிற பல் தட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். பேசினால் அது நழுவும். அகிலா நம்பமுடியாமல் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ரேவதி, ரேவதி, ஏ ரேவதி! வருது பாருடி!"

ரேவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த அதே நிமிடத்தில் அவள் கண் கண்ணாடிக்குப் போனது. அதில் தெரிந்த சிரிப்பு, விழுவதற்கு முன்னால் இருந்ததைவிட அழகாக இருந்தது. பழைய பல்லில் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும். அந்தக் குறையும் இப்போது இல்லை. விழுந்தால்கூட இவளுக்கு ஆதாயம்தானா என்று அவளுக்குத் தோன்றியது.

அகிலா பஞ்சை மெல்லக் கடித்தபடி கைக்கண்ணாடியை விட்டு நகராமல் இருந்தாள். டாக்டர் ரேவதியை ஓரமாக அழைத்தார்.

"நீங்க அவங்க தங்கச்சியா?"

"ஓரகத்திங்க மேடம்."

"சரி, நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு இதைத் தற்காலிகமாத்தான் ஒட்டியிருக்கேன். ஈறு எப்படி ஏத்துக்குதுன்னு ரெண்டு வாரம் பாத்துட்டு, அப்புறம்தான் நிரந்தரமா ஒட்டணும். அதுவரைக்கும் முன்பல்லால எதையும் கடிச்சு இழுக்கக் கூடாது. முக்கியமா நூலு. உங்க ஊர்ல எனக்கு வர்ற பாதிப் பேருக்கு முன்பல்லுல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, நூலைக் கடிச்சுக் கடிச்சு. கை தானா வாய்க்குப் போயிடும். அவங்க இப்ப கண்ணாடியில இருக்காங்க, எது சொன்னாலும் காதுல ஏறாது. நீங்க வீட்டுக்குப் போய் நிதானமாச் சொல்லிடுங்க. நூலைக் கடிக்கக் கூடாது."

"சொல்றேன் மேடம்" என்றாள் ரேவதி.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். இதில் பொய்யில்லை.

வெளியே, வரவேற்பு மேஜையில் இருந்த பெண் மாணிக்கவேலிடம் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தாள். கெட்டியான பண்டம் கூடாது, ஒட்டுகிற பண்டம் கூடாது, மெதுவாகத் துலக்க வேண்டும் என்று அதில் வரிசையாக இருந்தது. அவர் அங்கேயே நின்று முழுதும் படித்து, மடித்து, ஃபைலில் வைத்தார். நெசவாளர் சங்கத்தில் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவர். எந்தத் தாளையும் படிக்காமல் மடிக்க மாட்டார்.

மாணிக்கவேல் பைக்கில் கிளம்ப, பெண்கள் இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். வழியெல்லாம் அகிலா கடைப் பெயர்ப் பலகைகளில் 'வ' வருகிற பெயராகப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தாள். "வேலவன் டீ ஸ்டால்! வரதா மெடிக்கல்ஸ்!" ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரிக்கும்போது எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று ரேவதி இருந்துவிட்டாள்.

---

ராகுகாலம் பத்தரைக்குப் பிறக்கும் முன் வீடு சேர்ந்தாயிற்று. மணியம்மாள் வாசலுக்கே வந்து, பெரிய மருமகளின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, முத்து கோத்த மாதிரி இருக்குதே! எனக்கு டம்ளர்ல பல்லு, இவளுக்கு எலும்புலேயே பல்லு. ஏம்மா, இதைக் கழட்டி ராத்திரி தண்ணியில போட வாணாமா?"

"வாணாம் அத்தை. இது அப்படியே இருக்கும்."

"எனக்கு அப்பவே இதைக் கட்டியிருந்தா நானும் டிவியில வந்திருப்பேன்" என்று மணியம்மாள் நொடித்தாள்.

ராகுகாலம் முடிகிற வரை லைவ் இல்லை. முன்னறையில் பாயை விரித்து, அன்றைக்குக் காட்ட வேண்டிய புடவைகளை இருவரும் வரிசைப்படுத்தினார்கள். அகிலாவே பேச்சை ஆரம்பித்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"இன்னாக்கா?"

"இந்த எட்டு மாசமும் உன் மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை. நீ இங்க பேசிக்கினு இருப்ப. நான் அந்தக் கதவுக்குப் பின்னால குந்திக்கினு என் ஃபோன்ல உன்னையேதான் பாப்பேன். ஒரு நாளு ரெண்டாயிரம் பேரு பாத்தாங்களே, அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. நெட்டு போயிடணும்னு வேண்டிக்கினேன்னா பாரேன்!"

சொல்லிவிட்டு அகிலா வாய்விட்டுச் சிரித்தாள். கையால் மூடாமல் சிரித்தாள்.

"இப்ப சொல்லிட்டேன். போச்சு. வயிறு லேசா இருக்குது."

ரேவதியும் சிரித்தாள். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள் இவள்! தன்னிடம் இருப்பதையும் இப்படி எடுத்துப் பாயில் போட்டுவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஜெயித்தவர்களுக்குத்தான் அது முடியும் என்று அடுத்த நொடியே அவளுக்குத் தோன்றியது. நாற்காலி திரும்பக் கிடைத்தவள் பொறாமையைச் சொல்லிச் சிரிக்கலாம். அதை விட்டு எழுந்திருக்கிறவள் எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் வாயைத் திறந்தாள். "அக்கா, டாக்டரு..."

அப்போது உள்ளேயிருந்து மணியம்மாளின் குரல் வந்தது. "சின்னவளே! பெரியவளுக்கு அந்த அரக்குப் புடவையை எடுத்துக் குடு, அதுதான் அவ நெறத்துக்கு எடுப்பு. நீ ஃபோனைப் பாத்துக்க. வர்ற கமெண்ட்டைப் படிச்சுச் சொல்லு, அது போதும்."

அது போதும்.

"டாக்டரு இன்னாடி சொன்னாங்க?" என்றாள் அகிலா.

"ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க."

அதுவும் பொய்யில்லை.

---

பன்னிரண்டே கால் மணி. கதிர்வேல் விளக்கைப் போட்டான். "அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம். தாடையை லேசாத் தூக்குங்க. சூப்பர் அண்ணி, சூப்பர்!"

எட்டு மாதத்தில் ரேவதியிடம் அவன் 'சூப்பர்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'வெளிச்சம் போதும், ஆரம்பி' என்பான்.

"எல்லாருக்கும் வணக்கம்! நான் உங்க அகிலா வந்துட்டேன்!" 'வ'வெல்லாம் கணீரென்று விழுந்தது. ஃபோன் திரையில் இதயங்கள் பறந்தன. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரேவதிக்கு அவற்றைப் படித்துச் சொல்வதுதான் வேலை.

"சேலத்துல இருந்து சொல்றாங்க, 'அக்கா, உங்க சிரிப்பைப் பாக்காம லைவ் லைவாவே இல்ல.' மலேசியாவுல இருந்து, 'அக்கா, எங்க போயிட்டீங்க இத்தனை நாளா.' மதுரையில இருந்து, 'இப்பதான் சேனல் களை கட்டுது.'"

தன்னை ஒருத்தியாவது கேட்பாள் என்று திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் ஒன்று வந்தது. 'தினமும் இன்னொரு அக்கா வருவாங்களே, பேர் மறந்துடுச்சு, அவங்க எங்கே?'

அதை அவள் படிக்கவில்லை.

அகிலா அரக்குப் புடவையை விரித்தாள். தங்க ஜரிகையில் அன்னம் போட்ட முந்தானை. அதைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது, முந்தானை நுனியில் குஞ்சம் கட்டியதில் ஒரு நூல் மட்டும் நீளமாகத் தொங்கியது. அந்த வீட்டில் அதற்குக் கத்தரிக்கோல் தேடுகிற வழக்கம் யாருக்கும் இல்லை. பேசிக்கொண்டே அகிலா அந்த நூலை விரலில் சுற்றினாள்.

ரேவதி அதைப் பார்த்தாள். விரல் மேலே போவதையும் பார்த்தாள். "அக்கா" என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு நேரமும் இருந்தது.

"தர்மபுரியில இருந்து கேக்கறாங்க" என்று அவள் குரலை உயர்த்திப் படித்தாள், "இதே கலர்ல சின்ன பார்டர் இருக்குதான்னு."

"இருக்குதே!" என்று சொல்லி, அகிலா நூலைப் பல்லில் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

'டக்'கென்று ஒரு சத்தம். நூல் அறுபடவில்லை. நான்கு பற்களும் ஒரே வரிசையாக, அரக்குப் பட்டின் மேல் வந்து விழுந்தன.

அகிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முதுகைக் காட்டியபடி எழுந்து உள்ளே ஓடினாள். கதிர்வேல் திகைத்து நின்றான். ரேவதி மட்டும் திகைக்கவில்லை. அடுத்த நொடியில் அவள் நாற்காலியில் இருந்தாள். முந்தானையின் மடிப்பை எடுத்துப் பற்களின் மேல் போட்டு, அதன் மேல் இடது கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்காவுக்கு விக்கல், தண்ணி குடிச்சுட்டு வராங்க. தர்மபுரி அக்கா, சின்ன பார்டர்தானே? இதோ பாருங்க."

இருபது நிமிடம் பேசினாள். அன்றைக்குப் பேசியதுபோல் அவள் என்றைக்கும் பேசியதில்லை. பட்டுக்கு அடியில் அந்த நான்கு பற்கள் உள்ளங்கையை உறுத்திக்கொண்டே இருந்தன. அவள் கையை எடுக்கவில்லை.

---

லைவ் முடிந்து உள்ளே போனபோது, கூடத்தில் எல்லோரும் அகிலாவைச் சுற்றி இருந்தார்கள். மணியம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கதிர்வேல் விசிறியை அவள் பக்கம் திருப்பினான். மாணிக்கவேல் கிளினிக்குக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஒற்றை ஆளாக லைவைத் தூக்கி நிறுத்தியவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல் போனாலும் இவள்தான் நடுவில் என்று ரேவதிக்கு எரிந்தது. எரிந்த கையோடு வெட்கமும் வந்தது.

"இந்தாங்கக்கா" என்று பற்களைக் கொடுத்தாள்.

"என் டம்ளர்ல போட்டு வைம்மா, பத்திரமா இருக்கும்" என்றாள் மணியம்மாள். அழுதுகொண்டிருந்த அகிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரு கோயம்புத்தூர் போயிட்டாங்களாம். புதன்கிழமைதான் வருவாங்களாம்" என்று மாணிக்கவேல் ஃபோனை வைத்தார். "மூணு மணி நேரம் நிக்கல. இன்னா வேலை செஞ்சிருக்காங்க?"

"நூலைக் கடிச்சதாலதான்ணா" என்றான் கதிர்வேல்.

"கடிக்காதன்னு சொன்னாங்களா? இந்தப் பேப்பர்ல முறுக்கு போட்டிருக்குது, மிட்டாய் போட்டிருக்குது, நூலு எங்க போட்டிருக்குது?" தாளைத் தட்டிக்காட்டிவிட்டு ரேவதியின் பக்கம் திரும்பினார். "உள்ள நீதானேம்மா கூட இருந்த. டாக்டரு நூலைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

நான்கு முகங்களும் அவளைப் பார்த்தன. இந்த வீட்டில் அத்தனை பேரும் ஒருசேர அவளைப் பார்த்தது, கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"இல்ல மாமா."

வீட்டாரிடம் காலையிலிருந்து சொன்னவற்றில் இதுதான் பொய்.

"அப்போ எழுதிட வேண்டியதுதான்" என்றார் மாணிக்கவேல். "ஃபோன்ல பேசினா காத்தோட போயிடும். பேப்பர்ல இருந்தாத்தான் பேச்சு. பதில் வரட்டும். வரலைன்னா டாக்டருங்க கவுன்சிலுக்கு எழுதுவேன். ரேவதி, உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். ஒரு வெள்ளைப் பேப்பர் எடு."

அவள் எடுத்தாள். அவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லச் சொல்ல, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள்.

'மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, மா. அகிலா எழுதிக்கொள்வது. இன்று காலை தாங்கள் என் மேல்வரிசையில் பொருத்திய பல் பாலம், பிற்பகல் ஒரு மணிக்குள் கழன்று விழுந்தது. முன்பல்லால் நூலைக் கடிக்கக் கூடாது என்று தாங்கள் என்னை எச்சரிக்கவில்லை. தாங்கள் கொடுத்த தாளிலும் அவ்வாறு இல்லை. நெசவாளர் ஊரில் தொழில் செய்யும் தாங்கள்...'

"'இதை அறியாதவர் அல்ல' அப்படின்னு போடு" என்றார்.

போட்டாள். எழுத்து அச்சு மாதிரியே விழுந்தது.

அகிலா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். பல்லில்லாமல் வார்த்தைகள் மறுபடி ஒழுகின. "அஹளைப் பத்தியும் எழுதுங்க. ரேஹதிதான் என்கூட இருந்தா. அஹதான் சாட்சி. இன்னைக்கு அஹ மட்டும் அந்த நாற்காலியில போய் குந்தலைன்னா என் மானம் போயிருக்கும்." பிறகு குனிந்து அவள் காதருகில் சொன்னாள்: "பல்லு ஒட்டினாக்கூட ஆஹணி முடியற ஹரைக்கும் நீயே பேசுடி. எனக்கு கேமரான்னா இனிமே பயமா இருக்குது."

எட்டு மாதம் எதற்காகப் பொருமினாளோ, அது கைக்கு வந்துவிட்டது. ஆவணி முழுக்க, முகூர்த்த நாள் முழுக்க. ரேவதி தலையை ஆட்டினாள்.

மாணிக்கவேல் தொண்டையைச் செருமினார். "எழுதும்மா. 'அப்போது என்னுடன் இருந்த என் ஓரகத்தி திருமதி க. ரேவதியிடமும் தாங்கள் எதுவும் கூறவில்லை. இதற்கு அவரே சாட்சி.'"

தன் பெயரைத் தானே, யாரோ ஒருத்தியைப்போல, அவள் எழுதினாள். அகிலா கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, 'சாட்சி' என்று எழுதி, ரேவதி தன் கையெழுத்தைப் போட்டாள். இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவில் நின்றன.

மாணிக்கவேல் ஒரு முறை முழுதும் படித்தார். மூன்றாக மடித்து உறையில் போட்டார். ரேவதி பசை தடவி, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அழுத்தி ஒட்டி, முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

"உள்ளூருக்கு எதுக்குண்ணா ஸ்பீடு போஸ்ட்டு? நானே போய்க் குடுத்துட்டு வரேனே" என்றான் கதிர்வேல்.

"கையில குடுத்தா ரசீது யார்றா தருவான்? நாலு மணிக்குள்ள போட்டா இன்னைக்கே பதிவாயிடும்."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தார். ரேவதி வாசலுக்கு ஓடினாள்.

"மாமா!"

அவர் வண்டியை அணைக்காமல் திரும்பினார். "இன்னாம்மா?"

வாய் திறந்தது. உள்ளே மணியம்மாள் அகிலாவிடம் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பது கேட்டது.

"பின்கோடு சரியாப் போட்டுக்கிறேனான்னு பாருங்க" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, எட்டப் பிடித்துப் படித்தார். "கரெக்டாப் போட்டுக்கிறம்மா" என்று சொல்லிவிட்டு, உறையைப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைத் தபாலாபீஸ் பக்கம் திருப்பினார்.